காட்டை வெட்டியவர்கள் எடுத்த காட்டுப் படங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. வெளியே தெரிவது, பள்ளிச் சூழல் மன்றத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜப்பான் அனிமே படங்களில் எதைப் போட்டுக் காட்டலாம் என்பது. உள்ளே இருப்பது, உங்கள் நண்பர் கிளப்பிவிட்ட சந்தேகம். "அவர்கள் மதமே இயற்கை வழிபாடு, அதனால்தான் அப்படிப்பட்ட படங்கள் வருகின்றன" என்று நீங்கள் சொல்ல, "ஆற்றுக்கெல்லாம் கான்கிரீட் போட்ட நாடு அது, படத்தில் வருகிற காடு வெறும் சீனரி" என்று அவர் மடக்கியிருக்கிறார். அந்த அக்கறை நிஜமா, ஜோடனையா என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் முன்னால் நின்று பேச முடியும் என்கிறீர்கள். நியாயம்தான். இரண்டாவதைப் பேசி முடித்தால் முதலாவதற்கான பதில் தானாகவே வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் வனவியல் படித்தவன். மண் அரிப்பு என் துறை. மேற்கு ஜப்பானில் ஷிமானே மாகாணத்து மலைகளில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகு ஒரு சிறிய திரைப்படச் சங்கத்தில் இந்தப் படங்களைத் திரையிட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. என் ஜப்பானிய மொழி மண் ஆய்வறிக்கை படிக்கிற அளவுக்குத்தான் போதும். வசனத்தின் நயம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மரம், மண், ஆறு பற்றி நான் சொல்வதை நம்பலாம். படம் எடுத்தவர் மனசில் என்ன இருந்தது என்று பேசும்போது, அவரே பேட்டியில் சொன்னதைத் தாண்டிப் போகிற இடத்தில் அது என் ஊகம் என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. ஜப்பானின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காடு. அந்தப் பெருமையை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் காட்டில் சுமார் 40 விழுக்காடு, பெரும்பாலும் போருக்குப் பிறகு அரசு முன்நின்று வரிசை வரிசையாக நடவைத்த சுகி, ஹினோகி என்ற ஊசியிலை மரங்கள். அதற்குள் நடந்து பார்த்தால் தரையில் வெளிச்சமே விழாது. கீழே செடி கொடி இருக்காது, அடைமழை பெய்தால் மண் அப்படியே கரைந்து ஓடும். நாங்கள் அளந்துகொண்டிருந்ததே அந்த மண்ணைத்தான். 1964-ல் வெளிநாட்டு மரத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு உள்ளூர் மரம் விலைபோகாமல் நின்றுவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் நாட்டுக்குத் தேவையான மரத்தில் 20 விழுக்காடுகூட உள்நாட்டில் வெட்டியது இல்லை. மிச்சமெல்லாம் பிறர் காடு. ஒரு காலத்தில் மலேசியாவின் சரவாக் மழைக்காட்டு மரத்துக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் ஜப்பான்தான். வருடம் தவறாமல் பிப்ரவரி பிறந்ததும் சுகியின் மகரந்தம் பறந்து நாடே தும்மத் தொடங்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு அலைகிறவர்களிடம் போய் "உங்கள் நாடு இயற்கையோடு இயைந்தது" என்று சொன்னால் சிரிப்பார்கள்.

நீங்கள் சொன்ன மத விளக்கத்தையும், அதாவது ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவை வைத்துச் சொல்வதையும், நான் முழுசாக ஏற்பதில்லை. ஊர்க் கோயிலை ஒட்டி வெட்டாத சோலை ஒன்று இருப்பது பழைய வழக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் 1906-ல் அரசே ஷிண்டோ ஆலயங்களை ஊருக்கு ஒன்று என்று இணைக்க ஆணையிட்டது. பல்லாயிரம் சிறு கோயில்கள் மூடப்பட்டன, அவற்றின் சோலைகள் மரமாக விற்கப்பட்டன. அதை எதிர்த்து நின்றவர் மினகாட்டா குமகுசு என்ற இயற்கையியலாளர். பூஞ்சை, சளிப்பூஞ்சை ஆராய்ச்சிக்காரர், சரியான முரடர். கூட்டம் நடந்த இடத்தில் போய் ரகளை செய்து 1910-ல் சிறைக்கும் போனார். கோயிலின் பெயரால் காடு காக்கப்பட்டதும் உண்டு, கோயில் நிர்வாகத்தின் பெயரால் காடு அழிந்ததும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். மதத்தை மட்டும் வைத்து இந்தப் படங்களை விளக்க முடியாது.

பிறகு எங்கிருந்து வந்தது? என் பதில்: உறுத்தலிலிருந்து. இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர்கள் இரண்டு இயக்குநர்கள்: இசாவோ தகஹாதா பிறந்தது 1935, ஹயாவோ மியாசாகி 1941. நாடு ஒரே மூச்சில் தன்னைக் கரைத்து வார்த்துக்கொண்ட காலத்தில் இவர்கள் இளைஞர்கள். மினமாட்டா, நீகாட்டா, ஜின்சூ ஆற்றுப் பகுதி, யொக்காய்ச்சி என நான்கு இடங்களின் தொழிற்சாலை நோய்கள் நாள்தோறும் செய்தியில் வந்தன. டோக்கியோவைச் சுற்றியிருந்த குன்றுகள் மட்டமாக்கப்பட்டு அடுக்கு வீடுகள் எழுந்தன. அந்த வளர்ச்சியால் பிழைத்த, படித்த, வீடு வாங்கிய தலைமுறையின் படங்கள் இவை. காட்டில் வாழ்கிறவன் பாடுகிற பாட்டு வேறு. இது காட்டை வெட்டிக் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியே பார்க்கிறவனின் படம்.

மியாசாகியின் 'நௌசிகா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 மார்ச்சில் வந்தது. எல்லாரும் இதை ஜிப்லி படம், அதாவது இந்த இருவரின் ஸ்டுடியோ எடுத்த படம் என்பார்கள். ஜிப்லி ஸ்டுடியோ தொடங்கியதே 1985-ல்தான், இது டாப்கிராஃப்ட் என்ற நிறுவனத்தில் உருவானது. பெரும் போர் ஒன்றுக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, நச்சுக் காற்றை விடுகிற பூஞ்சைக் காடு பூமியை மூடிக்கொண்டு வருகிறது. மனிதர்கள் அதைக் கொளுத்தப் பார்க்கிறார்கள். அந்தக் காடு உண்மையில் மண்ணில் கிடக்கும் நஞ்சை உறிஞ்சிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது என்று நௌசிகா கண்டுபிடிக்கிறாள். இந்தக் கற்பனைக்கு ஒரு விதை மினமாட்டா விரிகுடா என்று மியாசாகியே சொல்லியிருக்கிறார். அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலைக் கழிவில் வந்த மெத்தில் பாதரசம் மீனில் ஏறி, மீனிலிருந்து மனிதருக்கு ஏறியது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே மாதம். கழிவு நின்றது 1968-ல். பன்னிரண்டு வருடம்! 1974-ல் விரிகுடா வாயில் வலை கட்டி மீனை அடைத்தார்கள். அதை அகற்றியது 1997-ல். மனிதர் மீன்பிடிக்காமல் விட்ட அந்த நச்சுக் கடலில் மீன் கூட்டம் பெருகியது என்ற செய்திதான் அவரை உலுக்கியது. பிடிப்பதை நிறுத்தினால் மீன் பெருகும், அது சரி. அந்த மீனின் உடம்பில் பாதரசம் அப்படியே இருக்கும், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செடி கொடி நஞ்சை உறிஞ்சி நிலத்தைச் சுத்தமாக்கும் என்பதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். சில உலோகங்களுக்குச் சில செடிகள் கொஞ்சம் செய்யும். 2011-ல் புகுஷிமா விபத்துக்குப் பிறகு, சீசியம் என்ற கதிரியக்க உலோகத்தை உறிஞ்சும் என்று நம்பி ஊரெல்லாம் சூரியகாந்தி விதைத்தார்கள். வேளாண் அமைச்சகம் அளந்து பார்த்தபோது மண்ணிலிருந்த சீசியத்தில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் செடிக்குள் போயிருந்தது. கடைசியில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துக் கறுப்புப் பைகளில் கட்டினார்கள். அப்படிச் சேர்ந்த மண் 1 கோடி கன மீட்டருக்கும் மேல்.

இதை மியாசாகியே உணர்ந்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இது ஊகம்தான். ஆனால் ஆதாரம் கையில் இருக்கிறது. படம் வந்த பிறகும் அதே கதையை அவர் படக்கதையாக 1994 வரை தொடர்ந்து வரைந்தார், ஏழு தொகுதி. அதன் முடிவில் கதை தலைகீழாகிறது: அந்தச் சுத்திகரிப்புக் காடே பழைய மனிதர்கள் திட்டமிட்டு உருவாக்கியது, நச்சுக் காற்றுக்குப் பழகிப்போன இன்றைய மனிதர்கள் சுத்தமான உலகில் பிழைக்கவே முடியாது. "இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், நாம் ஒதுங்கி நின்றால் போதும்" என்ற 1984-ன் ஆறுதலைப் பத்து வருடம் கழித்து அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. நீங்கள் படம் போட்டால் முடிந்ததும் இதை ஒரு வரியில் சொல்லுங்கள், வகுப்பே எழுந்து உட்காரும்.

அடுத்தது 'டோட்டோரோ', 1988. இதில் மாசும் இல்லை, போரும் இல்லை. இரண்டு சிறுமிகள், ஒரு பெரிய கற்பூர மரம், ஒரு வனப் பிராணி. இதை "ஆதி இயற்கை" என்று நினைத்துப் பேசுகிறவர்கள்தான் அதிகம். கவனித்துப் பாருங்கள், அந்தப் படத்தில் வயல் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, வெட்டி வெட்டித் தழைக்கவிட்ட தோப்பு இருக்கிறது. கதைக்களம் 1950-களின் சயாமா குன்றுப் பகுதி, சைதாமா மாகாணமும் டோக்கியோவும் சந்திக்கிற இடம். அந்த வகை நிலத்துக்கு ஜப்பானியரிடம் ஒரு சொல் உண்டு: சதோயாமா. ஊர் மலை என்று சொல்லலாம். கருவாலி இன மரங்களை 15, 20 வருடத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டுவார்கள், கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும். விறகும் கரியும் அதிலிருந்து வரும், உதிர்ந்த இலை வயலுக்கு எருவாகும். 1960-களில் எரிவாயுவும் ரசாயன உரமும் வந்ததும் யாரும் தோப்புக்குள் போகவில்லை. தோப்பு மூடிக்கொண்டு புதர் மண்டியது, வெளிச்சத்தில் பூத்த செடிகள் காணாமல் போயின. வெட்டியதால் அழிந்த காடு நமக்குப் பழக்கம். வெட்டாமல் விட்டதால் கெட்ட காடு இது.

சயாமா குன்றுகளில் வீட்டு மனை போடுகிற வேகத்தைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் 1990-ல் 'டோட்டோரோவின் சொந்த ஊர்' என்ற பெயரில் ஒரு நிதி தொடங்கினார்கள். அந்தப் பெயருக்கு மியாசாகி ஒத்துக்கொண்டார். திரட்டிய பணத்தில் 1991-ல் ஒரு துண்டுத் தோப்பை வாங்கி 'டோட்டோரோ காடு எண் 1' என்று பலகை வைத்தார்கள். இன்று அப்படி 50-க்கும் மேற்பட்ட துண்டுகள். தொண்டர்கள் அங்கே போய் என்ன செய்கிறார்கள் தெரியுமா? புதர் வெட்டுகிறார்கள், மரமும் வெட்டுகிறார்கள். மரம் நடுவது மட்டும்தான் சூழல் பணி என்று நினைத்திருக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இதே விஷயத்தைத் தகஹாதா 1991-ல் வந்த 'ஒன்லி யெஸ்டர்டே'யில் நேராகவே பேசவைத்திருக்கிறார். டோக்கியோவிலிருந்து யமகாட்டா கிராமத்துக்குச் செந்தூரகம் பூப் பறிக்க வந்த பெண் வயலைப் பார்த்து மயங்கி நிற்க, கூட இருக்கும் இளம் விவசாயி சொல்கிறான்: நகரத்துக்காரர்கள் இதையெல்லாம் இயற்கை இயற்கை என்கிறீர்கள், நடுக்காட்டை விடுங்கள், இங்கே கண்ணுக்குத் தெரிகிற தோப்பு, ஓடை எல்லாம் மனிதன் கை வைத்து உண்டாக்கியதுதான். நான் வகுப்பில் மூன்று வாரம் எடுத்துச் சொன்ன பாடத்தை அவன் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகிறான். படம் உங்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மெதுவாக இருக்கும்.

மெதுவாக இல்லாதது 'பொம் போக்கோ'. 1994, இதுவும் தகஹாதா. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் நேர்மையான சூழல் படம் இதுதான், ஆனால் பள்ளியில் போட ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். கதை தாமா புதுநகரம் பற்றியது. அது நிஜ ஊர். 1965-ல் திட்டம் போட்டு, டோக்கியோவுக்கு மேற்கே சுமார் 3000 ஹெக்டேர் குன்றுகளைச் செதுக்கி, மூன்று லட்சம் பேருக்கு மேல் குடியேற்றத் திட்டமிட்டார்கள். 1971-ல் முதல் குடும்பங்கள் வந்தன. அந்தக் குன்றில் இருந்த தனுகிகள் என்ன ஆயின என்பது படம். தனுகி நாய்க் குடும்பத்து விலங்கு, முகத்தில் கறுப்பு முகமூடி போட்ட மாதிரி இருக்கும். நாட்டுப்புறக் கதைகளில் உருமாறி மனிதரை ஏமாற்றும். படத்தில் அவை கூட்டம் போடுகின்றன, தீர்மானம் நிறைவேற்றுகின்றன, கோஷ்டி பிரிகின்றன, வெற்றி என்று நினைத்து விருந்து வைத்துத் தூங்கிப்போகின்றன. எந்தப் போராட்டக் குழுவிலாவது இருந்தவர்கள் பார்த்தால் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள், பிறகு கொஞ்சம் வலிக்கும். உள்ள சக்தியெல்லாம் திரட்டி நகரத் தெருவில் ஒரு மாபெரும் பேய் ஊர்வலம் நடத்துகின்றன. மனிதர்கள் பயப்படவில்லை, கைதட்டி ரசிக்கிறார்கள். மறுநாள் ஒரு கேளிக்கைப் பூங்கா முதலாளி, "அது எங்கள் விளம்பரம்" என்று அறிவித்துவிடுகிறான்.

முடிவில் உருமாறத் தெரிந்த தனுகிகள் மனிதராகி, கோட்டு மாட்டி, நெரிசல் ரயிலில் அலுவலகம் போகின்றன. தெரியாதவை குப்பை பொறுக்கிக்கொண்டு, வண்டியில் அடிபட்டுக்கொண்டு, மிச்சமிருக்கிற புல்வெளிகளில் பிழைக்கின்றன. கடைசியில் ஒரு தனுகி நம்மைப் பார்த்துப் பேசுகிறது. "வளர்ச்சி வந்ததால் நரியும் தனுகியும் மறைந்துவிட்டன" என்று டிவியில் சொல்கிறீர்களே, அதை நிறுத்த முடியுமா என்று கேட்கிறது. நாங்களாவது உருமாறி மறைந்தோம். முயலும் மரநாயும் தாங்களாகவா மறைந்தன? சூழல் அறிக்கைகளில் "இனம் மறைந்தது" என்று எழுதும் பழக்கம் எனக்கும் இருந்தது. அந்தக் காட்சிக்குப் பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. அடுத்த வருடம் ஜிப்லியிலிருந்து வந்த 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' அதே தாமா குன்றில் கட்டிய வீடுகளில் நடக்கிற பள்ளிக் காதல் கதை. அதன் நாயகி, காட்டை வெட்டி, பள்ளத்தாக்கை மூடிய கான்கிரீட் சாலைதான் என் சொந்த ஊர் என்று கேலியாகப் பாட்டு கட்டுவாள். தனுகியின் இழப்பும் அந்தப் பெண்ணின் சொந்த ஊரும் ஒரே மண். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் நான் சொல்கிற உறுத்தல் புரியும்.

சிக்கல் இதுதான்: நாட்டுப்புற மரபுப்படி ஆண் தனுகிகளின் விரைப்பை பாயாகவும் பாராசூட்டாகவும் விரியும், படத்திலும் விரிகிறது. ஜப்பானில் குழந்தைகள் பாட்டாகவே பாடுவார்கள், யாருக்கும் கூச்சம் இல்லை. ஆங்கிலக் குரல் பதிப்பில் அதைப் 'பை' என்று பூசி மெழுகிவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் மெழுகுக்கு ஏமாறமாட்டார்கள். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இனி 'பிரின்சஸ் மொனோனோகே', 1997. இதைப் பற்றி மட்டும் என்னால் ஒரு நாள் முழுக்கப் பேச முடியும், காரணம் நான் வேலை பார்த்த மலைகளின் பழைய தொழில்தான் அந்தக் கதையின் மையம். தாதாரா என்பது ஆற்றுமணலிலும் மலைமண்ணிலும் கிடைக்கும் இரும்பு மணலைக் கரி போட்டு உருக்கும் உலை. ஷிமானேயின் ஒகுஇசுமோ அதற்குப் பேர்போன இடம். மூன்று இரவு மூன்று பகல் ஒரே மூச்சாக ஊத வேண்டும். ஒரு தடவைக்கு 10 டன்னுக்கு மேல் மணல், கிட்டத்தட்ட அதே எடைக்குக் கரி. அந்தக் கரிக்கு ஏறக்குறைய ஒரு ஹெக்டேர் காடு போகும். மணலைப் பிரிக்க மலையையே வெட்டி வாய்க்காலில் கரைப்பார்கள். இரும்பு கனத்துத் தங்கும், மிச்ச மண் ஆற்றோடு போகும். அப்படி ஓடிய மண்ணால் கீழே ஹீ ஆற்றின் படுகை வயலைவிட உயரமாகிவிட்டது. கரையோர உழவர்களுக்கும் மேலே இரும்பு எடுப்பவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தகராறு. ஆகவே படத்தில் காட்டுக்கும் உலைக்கும் நடக்கிற சண்டை மியாசாகி கற்பனையில் ஊதிப் பெருக்கியது அல்ல.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கரைத்து மட்டமாக்கிய மலையடிவாரத்தில் அதே மக்கள் படிப்படியாக நெல் வயல் அமைத்தார்கள். கரிக் காட்டை முப்பது வருடச் சுற்றில் வெட்டி வளர்த்தார்கள். இன்று போனால் பச்சைப் பசேல் என்று பார்க்க அவ்வளவு அழகு. வயல் நடுவே ஆங்காங்கே சிறு மேடுகள் மரத்தோடு நிற்கும். முதலில் எனக்கு அது என்னவென்றே புரியவில்லை. அங்கே கல்லறை அல்லது சாமி இருந்ததால் அந்த இடத்தை மட்டும் தோண்டாமல் விட்டார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். மலை முதலில் எவ்வளவு உயரம் இருந்தது என்பதற்கு அந்த மேடுகள்தான் சாட்சி. மேட்டின் உச்சியையும் வயலின் தரையையும் வைத்துக் கரைந்துபோன மண்ணைக் கணக்குப் போட முயன்றிருக்கிறேன்.

படத்தில் உலை ஊரின் தலைவியான எபோஷி அம்மையார் காட்டை அழிக்கிறாள், துப்பாக்கி செய்கிறாள், காட்டுத் தெய்வத்தின் தலையையே எடுக்கிறாள். அதே எபோஷி, விலைமாதர் விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டு வந்து உலையில் வேலை கொடுக்கிறாள். யாரும் தொடாத தொழுநோயாளிகளின் புண்ணைத் தன் கையால் கழுவுகிறாள். இங்கே வரலாற்றுக்கும் படத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உலைகளின் தெய்வமான கனயாகோ பெண் தெய்வம், அவளுக்குப் பெண்களைப் பிடிக்காது என்று சொல்லி உலைக்குள் பெண்களை விடமாட்டார்கள். தெரிந்தேதான் மியாசாகி அந்த உலையின் துருத்தியைப் பெண்கள் மிதிக்கும்படி வைத்தார் என்று நினைக்கிறேன். தொழுநோயாளிகள் பற்றிய பகுதிக்கு அவர் வீட்டுப் பக்கத்திலிருந்த தாமா ஜென்ஷோஎன் தொழுநோயகத்துக்குப் போய்வந்த அனுபவம் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த நோயாளிகளை ஒதுக்கி அடைத்துவைத்த சட்டம் ஜப்பானில் 1996-ல்தான் ரத்தானது, படம் வருவதற்கு முந்தைய வருடம். மரம் வெட்டுவதை நிறுத்தினால் இந்தப் பெண்களும் நோயாளிகளும் எங்கே போவார்கள் என்ற கேள்வியைப் படம் விடவே விடாது. உங்கள் பிள்ளைகளிடம் "வில்லன் யார்" என்று கேளுங்கள். நான் நடத்திய எந்தத் திரையிடலிலும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில் வந்ததில்லை.

முடிவையும் கவனிக்கச் சொல்லுங்கள். தெய்வத்தின் தலையைத் திருப்பிக் கொடுத்ததும் மலையெல்லாம் பச்சை பிடிக்கிறது. பலர் இதை நல்ல முடிவு என்று எழுந்து போய்விடுகிறார்கள். காட்டில் ஓநாய்களிடம் வளர்ந்த நாயகி சான் அங்கே நின்று சொல்வது: மறுபடி முளைத்தாலும் இது இனி அந்தக் காடு அல்ல. வனவியல் படித்தவனுக்கு அந்த வரி புரியும். திரும்ப வருவது இளம் புல்லும் கன்றும்தான். பாசி படர்ந்த பழங்காட்டுக்கு வரைகலைஞர்கள் யாகுஷிமா தீவுக்கும் ஷிரகாமி மலைக்கும் போய் வரைந்து வந்தார்கள். இரண்டும் 1993-ல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தவை. யாகுஷிமாவில் ஆயிரம் வருடத்துக்கு மேல் நிற்கும் சுகி மரங்கள் உண்டு. மேலே தும்மல் வரவைத்தேனே, அதே சுகிதான், வரிசையில் நடாமல் தானாக வளர்ந்தால் இப்படி. சானும் நாயகன் அஷிடாகாவும் சேர்ந்து வாழவில்லை. அவள் காட்டிலும் அவன் உலை ஊரிலும் இருக்கிறார்கள். எபோஷி ஒரு கை போய் உயிரோடு இருக்கிறாள், நல்ல ஊராகக் கட்டலாம் என்கிறாள். மறுபடி மரம் வெட்டாமல் அந்த ஊரை எப்படிக் கட்டுவாள் என்பதைப் படம் சொல்லவில்லை.

இன்னொன்று. மியாசாகி இந்தக் காட்டு எண்ணத்துக்குக் கடன்பட்டிருப்பதாகச் சொல்வது கோயிலுக்கு அல்ல, நகாவோ சசுகே என்ற தாவரவியலாளருக்கு. இமயமலை அடிவாரத்திலிருந்து அசாம், யுன்னான் வழியே மேற்கு ஜப்பான் வரை பசுமை மாறா அகன்ற இலைக் காடு ஒரு பட்டையாகப் போகிறது, அதனோடு பசையரிசி, புளிக்கவைத்த சோயா, தேயிலை, அரக்கு என்று ஒரு பண்பாடும் போகிறது என்பது நகாவோவின் கருத்து. அந்தக் கருத்தை இன்றைய ஆய்வாளர் எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் போரில் தோற்ற தன் நாட்டின் மேல் கசப்போடு வளர்ந்த ஓர் இளைஞனுக்கு, நாட்டைவிடப் பழைய ஒரு காட்டோடு உறவு சொல்லிக்கொள்ள அது வழி கொடுத்தது. உங்கள் "ஷிண்டோ" பதிலைவிட இது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்பிரிட்டெட் அவே' படத்தில் நாற்றமடிக்கும் ஒரு விருந்தாளியின் உடம்பிலிருந்து சைக்கிளைப் பிடித்து இழுக்க, குப்பை மலையே கொட்டி, உள்ளேயிருந்து நதித் தெய்வம் வெளிவருமே, அது மியாசாகி தன் வீட்டருகே ஆறு சுத்தம் செய்யப் போனபோது பத்துப் பேர் கயிறு கட்டிச் சைக்கிளை இழுத்த அனுபவம். இது அவர் பேட்டியிலேயே இருக்கிறது. 'பொன்யோ'வுக்கு முன் அவர் தங்கியிருந்த தோமோநோஉரா துறைமுகத்தில் கடலைத் தூர்த்துப் பாலம் கட்டும் திட்டம் இருந்தது. 2009-ல் ஹிரோஷிமா நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. படத்தால்தான் தீர்ப்பு வந்தது என்று சிலர் எழுதுவது மிகை. ஊர்க்காரர்கள் பல வருடம் வழக்காடினார்கள். மகோடோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' 2019-ல் ரசிகர்களின் மனுவுக்குப் பிறகு இந்தியத் திரையரங்குகளுக்கும் வந்தது, உங்கள் மாணவர்களின் அண்ணன்மார் பார்த்திருப்பார்கள். ஓயாத மழையில் டோக்கியோ மூழ்குகிறது. மழையை நிறுத்தும் சக்தியுள்ள நாயகியைப் பலி கொடுத்தால் வெயில் வரும். அவளை நேசிக்கும் பையன் அவளையே தேர்ந்தெடுக்கிறான். பொறுப்பில்லாத முடிவு என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பெரியவர்கள் கெடுத்த வானிலைக்கு ஒரு சிறுமி ஏன் விலை கொடுக்க வேண்டும்? அப்புறம், டோட்டோரோ ஒரு மரண தேவதை, சிறுமிகள் இறந்துவிட்டார்கள் என்று இணையத்தில் சுற்றும் கதையைப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். ஜிப்லியே 2007-ல் மறுத்துவிட்டது.

சீனரியா, நிஜமா என்று நண்பர் மறுபடி கேட்டால் ஒரு விஷயம் சொல்லுங்கள். நௌசிகா சம்பாதித்த பணத்தை மியாசாகி தகஹாதாவிடம் கொடுத்து எடுக்கவைத்தது ஓர் ஆவணப்படம். அனிமேஷன்கூட இல்லை. யனகாவா என்ற வாய்க்கால் ஊரில் சாக்கடையாகிவிட்ட வாய்க்கால்களை மூடிவிடலாம் என்று நகராட்சி முடிவெடுத்தபோது, அந்த வேலையைச் செய்ய நியமித்த அதிகாரியே மறுத்து, தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, மக்களை இறக்கித் தூர்வாரிய கதை. 1987-ல் வந்தது, இரண்டே முக்கால் மணி நேரம், பெரும்பகுதி சேறும் மதகும் மதகு திறக்கிற ஆட்களும்தான். பணம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கரைந்தது. எனக்குத் தெரிந்து நீர் மேலாண்மை பற்றி இவ்வளவு பொறுமையான படம் வேறில்லை. வகுப்புக்கு வேண்டாம், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்; நீங்களும் நண்பரும் உட்கார்ந்து பாருங்கள்.

வகுப்புக்கு என் வரிசை: முதலில் டோட்டோரோ, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும், மறுநாள் பள்ளிக்கு அருகே இருக்கிற ஏதாவது ஒரு தோப்புக்கோ ஏரிக்கரைக்கோ கூட்டிப்போய், இதில் எது மனிதர் செய்தது, எது தானாக வந்தது என்று பட்டியல் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது நௌசிகா. 1985-ல் அமெரிக்காவில் 20 நிமிடத்துக்கு மேல் வெட்டி வேறு பெயரில் வெளியிட்ட பதிப்பு இன்னும் சில இடங்களில் கிடைக்கிறது, அது வேண்டாம். மூன்றாவது மொனோனோகே, ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும். அம்பு பட்டுக் கையும் தலையும் துண்டாகும் காட்சிகள் இருக்கின்றன, நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பொம் போக்கோவுக்குத் தலைமை ஆசிரியர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.